மாத்திரையும் வருகைப் பதிவேடும்

ஆண்டுக்கு இரண்டு முறை நம் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாள் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அல்பெண்டசோல் மாத்திரைகள் வந்து சேர்கின்றன. வகுப்பு வாரியாகக் கொடுக்கிறோம். கண் முன்னாலேயே மென்று விழுங்கச் சொல்கிறோம். எண்ணிக்கையை எழுதி அனுப்புகிறோம். இது தவிர வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை வேறு. "இதெல்லாம் சுகாதாரத் துறை வேலை, பாடம் நடத்துகிற நேரத்தை எடுத்து ஏன் நம்மிடம் கொடுக்கிறார்கள்?" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுவதுண்டு.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாத்திரைக்கும் படிப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? உண்டென்றால் எவ்வளவு? ஒரு மாத்திரை விழுங்கிய குழந்தை கூடுதலாக எதைக் கற்றுக்கொள்ளும்? மருத்துவம், ஊட்டச்சத்து, பொருளியல், கல்வி ஆகிய துறைகளைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதும், அவர்களுக்குள் நடந்த வாக்குவாதமும் ஆசிரியர்களாகிய நமக்குப் பயன்படும். நான் கொல்லிமலையில் அறிவியல் பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியை. இங்குள்ள நிலையோடு பொருத்தி அவற்றை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

கொக்கிப்புழு உடலுக்குள் வரும் வழி

குடற்புழுக்களில் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றும் மண் வழியாகப் பரவுபவை. முதல் இரண்டும் முட்டை வடிவில், கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாக வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழு பெரும்பாலும் கால் வழியாக வருகிறது.

புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழித்தால், மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. ஈரமும் நிழலும் மிதமான வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் முட்டை பொரிந்து இளம்புழு வெளிவருகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தோலைத் துளைக்கும் நிலைக்கு வளர்கிறது. வெறும் காலோடு நடப்பவரின் விரலிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறுகிறது. அங்கே விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. குடற்சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. அங்கேயே பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இந்த மலைக்கு வந்தவர்களுக்கு இங்குள்ள மண் எப்படிப்பட்டது என்று தெரியும். மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காப்பிச் செடி, வாழை, பலா என்று எங்கும் நிழல், காலடியில் ஈரம். கொக்கிப்புழுவின் இளம்புழு கேட்பது இந்த மண்ணைத்தான். பள்ளிக்கு வரும் வழியும் காட்டுப் பாதைதான். அரசு தரும் விலையில்லா காலணி தேய்ந்துவிடுமே என்று வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வெறும் காலோடு வரும் குழந்தைகள் என் வகுப்பில் உண்டு.

ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். கொக்கிப்புழு உடலுக்குள் பெருகுவதில்லை. இடும் முட்டையெல்லாம் வெளியேறிவிடும். குடலில் எத்தனை புழு இருக்கிறதோ, அத்தனை இளம்புழுக்கள் வெளியிலிருந்து உள்ளே நுழைந்திருக்கின்றன என்று பொருள். ஆகவே ஒரே வகுப்பில் ஒரு குழந்தைக்குப் புழுவே இருக்காது, இன்னொரு குழந்தைக்கு நூறு இருக்கலாம். நம் நாட்டில் பரவலாக உள்ள கொக்கிப்புழு வகை நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்த இழப்பை ஏற்படுத்துகிறது. எட்டாம் வகுப்பில் இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம்: நூறு புழு என்றால் நாளுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. ஏற்கெனவே உணவில் இரும்புச்சத்து குறைவாக உள்ள குழந்தைக்கு இது பெரிய இழப்பு.

இரத்தசோகையும் கற்றலும்

இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது, அதற்கு இரும்புச்சத்து வேண்டும் என்று நாமே பாடம் நடத்துகிறோம். மூளைக்கும் இரும்பு தேவை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நரம்பிழைகளின் மேலுறை உருவாவதற்கும், கவனத்தோடு தொடர்புடைய டோபமின் போன்ற வேதிப்பொருள்களின் செயல்பாட்டுக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்த குழந்தை களைப்பதோடு, கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தவும் சிரமப்படும்.

இதை நம் நாட்டிலேயே சோதித்தவர்கள் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுபத்ரா சேஷாத்ரி, தாரா கோபால்தாஸ் ஆகிய ஊட்டச்சத்து ஆய்வாளர்கள். பள்ளிக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து கொடுத்து, எண் வரிசையை நினைவில் வைத்துச் சொல்லுதல், புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்தல் போன்ற சோதனைகளை வைத்தார்கள். இரும்புச்சத்து பெற்ற குழந்தைகள், குறிப்பாக இரத்தசோகை இருந்தவர்கள், மேம்பட்டதாக 1989இல் வெளியிட்டார்கள். பின்னர் பல நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது: தொடக்கப்பள்ளி வயதில் தினசரி இரும்புச்சத்து கொடுத்தால் அறிதிறன் கூடுகிறது, பலன் இரத்தசோகை உள்ள குழந்தைகளிடம் தெளிவாகத் தெரிகிறது.

நம் மாநிலத்தின் நிலை என்ன? 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் இந்தத் தாய்மார்களின் பிள்ளைகள்.

இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் குழந்தையை "சோம்பேறி", "மந்தம்" என்று ஊர் சொல்லும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவைப் பற்றிச் செய்தி வந்தபோது, பத்திரிகைகள் அதற்குச் "சோம்பேறித்தனத்தின் கிருமி" என்றே பெயர் சூட்டின. தென் மாநில ஏழை மக்களின் பிறவிக்குணம் என்று மற்றவர்கள் நினைத்திருந்த சோர்வுக்கு, குடலில் இருந்த புழுவும் ஒரு காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மிளகு அறுவடை கற்பிக்கும் பாடம்

இனி முக்கியமான கேள்வி. புழுவை நீக்கினால் பள்ளி வருகையும் கற்றலும் கூடுமா? "நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே" என்று தோன்றும். பிப்ரவரியில் மாத்திரை கொடுத்தோம். மார்ச்சில் வருகை கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

கொல்லிமலையில் அது போதாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இங்கே மிளகு பறிக்கும் காலம். பெரியவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பார்கள், அல்லது உதிர்ந்த மிளகு பொறுக்கப் போவார்கள். வருகை குறையும். பறிப்பு முடிந்ததும் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். ஆண்டுத் தேர்வும் நெருங்கும். வருகை தானாகக் கூடும். பதிவேட்டை மட்டும் பார்ப்பவர், "பிப்ரவரி 10இல் மாத்திரை கொடுத்தோம், மார்ச்சில் வருகை கூடிவிட்டது" என்று எழுதிவிடலாம். மாத்திரையே கொடுக்காமல் இருந்திருந்தாலும் வருகை கூடியிருக்கும்.

மாத்திரையின் பலனையும் மிளகின் பலனையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியான பல பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு முதலில் மாத்திரை, மற்றதற்குப் பின்னர். மிளகு, மழை, திருவிழா, தேர்வு எல்லாம் இரு பிரிவுக்கும் பொது. ஆகவே இரண்டுக்கும் இடையே வரும் வேறுபாடு மாத்திரையால் வந்தது என்று சொல்ல முடியும். மருத்துவத்தில் புதிய மருந்தைச் சோதிக்கும் இந்த முறையைத்தான் கல்வி ஆய்வாளர்களும் கையில் எடுத்தார்கள்.

கென்யாவின் 75 பள்ளிகள்

அப்படி நடந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998இல் தொடங்கியது. மைக்கேல் கிரெமர், எட்வர்ட் மிகேல் என்ற இரு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். 75 தொடக்கப்பள்ளிகள், 30,000க்கும் அதிகமான மாணவர்கள். பள்ளிகளை 25 வீதம் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு 1998இலும், இரண்டாம் குழுவுக்கு 1999இலும், மூன்றாம் குழுவுக்கு 2001இலும் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை; வரிசை மட்டும் மாறியது.

2004இல் வெளிவந்த முடிவு: மாத்திரை கொடுத்த பள்ளிகளில் மாணவர்கள் பள்ளிக்கு வராதிருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதே பள்ளியில் மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் ஓரளவு பலன் கிடைத்தது. காரணம் எளிது: ஒரு குழந்தையின் குடலில் புழு இல்லையென்றால் மண்ணில் விழும் முட்டையும் குறையும். கிரெமர் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோரோடு சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். வறுமை தொடர்பான கேள்விகளை இப்படிக் களத்தில் சோதித்துப் பார்க்கும் முறைக்காக அந்தப் பரிசு கொடுக்கப்பட்டது.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு அதுதான் முக்கியம். வருகை கூடியது, ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஓர் ஆய்வு நடந்தது. தில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் இயங்கிய பாலர் பள்ளிகளில், 2 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்தும் குடற்புழு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 69 சதவீதம் பேருக்கு இரத்தசோகையும், 30 சதவீதம் பேருக்குப் புழுத்தொற்றும் இருந்தன. 2006இல் வெளிவந்த முடிவின்படி, பள்ளிக்கு வராதிருப்பது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, எடையும் கூடியது.

அறிஞர்கள் வாதிட்டது எதைப் பற்றி?

கென்ய ஆய்வின் தரவுகளை இலண்டனைச் சேர்ந்த பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் வாங்கி, முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2015இல் அவர்கள் முடிவை வெளியிட்டபோது பெரிய விவாதம் எழுந்தது. மூலக் கணக்கீட்டில் சில பிழைகள் இருந்தன. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற முடிவு வலுவிழந்தது. வருகை பற்றிய முடிவை எவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையும், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக மாத்திரை கொடுப்பதால் சராசரி எடையிலோ, ஹீமோகுளோபினிலோ, பள்ளித் தேர்ச்சியிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது.

மிகேலும் அவருடைய குழுவினரும் அந்தக் கென்யப் பிள்ளைகளைத் தொடர்ந்து தேடிச் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். 20 ஆண்டுகளுக்குப் பின், சிறுவயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்றவர்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 13 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2021இல் வெளியிட்டார்கள்.

ஒரே மாத்திரைக்கு ஏன் இத்தனை விதமான முடிவுகள்? "சராசரி" என்ற சொல்லில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. புசியாவில் பத்தில் ஒன்பது மாணவர்களுக்கு மேல் புழு இருந்தது. அங்கே மாத்திரை கொடுத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நூறு பேரில் பத்துப் பேருக்கு மட்டும் புழு உள்ள ஊரில் நூறு பேருக்கும் கொடுத்து, நூறு பேரின் சராசரியைப் பார்த்தால், அந்தப் பத்துப் பேருக்குக் கிடைத்த பலன் சராசரிக்குள் கரைந்துவிடும். வகுப்புச் சராசரி மாறாததால் எந்த மாணவரும் முன்னேறவில்லை என்று நாம் சொல்வோமா? உலக சுகாதார நிறுவனமும் இதனால்தான் ஊருக்கேற்றபடி பரிந்துரைக்கிறது: 20 சதவீதத்துக்கு மேல் தொற்று உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை, 50 சதவீதத்துக்கு மேல் என்றால் இரு முறை.

சவ்வாது மலையில் வேலூர் ஆய்வாளர்கள்

நம் பக்கத்துக்கு வருவோம். நம் மலையைப் போலவே சவ்வாது மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது. அங்கும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அங்குள்ள ஊர்களில் மலப் பரிசோதனை செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 39 சதவீதம் பேருக்குப் புழுத்தொற்று இருந்தது. அதில் பெரும்பங்கு கொக்கிப்புழு. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் மிகக் குறைவு.

பின்னர் அதே கல்லூரி, பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த 'டிவார்ம்3' என்ற பெரிய ஆய்வில் இந்தியப் பகுதியை நடத்தியது. களம் சவ்வாது மலையும், சமவெளியில் உள்ள திமிரியும். பள்ளிக் குழந்தைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதையும், ஊரில் உள்ள எல்லா வயதினருக்கும் வீடு வீடாகக் கொடுப்பதையும் அது ஒப்பிட்டது. ஏன் இந்தக் கேள்வி? கொக்கிப்புழு குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. தோட்டத்தில் வெறும் காலோடு வேலை செய்யும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புழு இருந்தால், பள்ளியில் மாத்திரை சாப்பிட்ட குழந்தைக்கு அதே மண்ணிலிருந்து மீண்டும் தொற்றும். மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை நுழையும் புழுவைத் தடுக்காது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும் (கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர) குடற்புழு மாத்திரை கொடுக்கப்படுவதன் பயனை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

இதிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டியது

இத்தனை ஆய்வுகளையும் படித்துவிட்டு நான் புரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்வதானால்: மாத்திரை குழந்தையை வகுப்பறை வாசல்வரை கொண்டுவரலாம், அதற்கு மேல் கற்பிப்பது நம் வேலை. புழு நீங்கிய குழந்தை கூடுதலாகப் பத்து நாள் பள்ளிக்கு வந்தாலும், அந்தப் பத்து நாளும் புரியாத பாடத்தின் முன் உட்கார்ந்திருந்தால் தேர்வு மதிப்பெண் எப்படி மாறும்? கென்ய ஆய்வில் வருகை கூடியும் மதிப்பெண் கூடாததை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். விடுபட்ட நாள்களின் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தையின் நிலையறிந்து கற்பிக்கிறோமே, அதுபோல மேல் வகுப்பிலும் மிளகுக் காலம் முடிந்து திரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

பள்ளியளவில் நாம் செய்யக்கூடியவை சில.

விடுபட்டவர்கள் பட்டியல். குடற்புழு நீக்க நாளன்று வராத குழந்தைகளுக்காகச் சில நாள் கழித்து இன்னொரு நாள் ஒதுக்கப்படுகிறது. எங்கள் மலையில் பிப்ரவரி நாள் மிளகுக் காலத்தின் நடுவே விழுகிறது. அடிக்கடி வராத குழந்தைக்குத்தான் புழுவும் அதிகம் இருக்க வாய்ப்பு. அந்தக் குழந்தைதான் அன்றும் வராது. ஆகவே கொடுத்தவர்களின் எண்ணிக்கையோடு விடுபட்டவர்களின் பெயரையும் எழுதி வைத்து, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கிராம சுகாதார செவிலியர் வழியாகச் சொல்லி அனுப்புவது நல்லது.

மென்று விழுங்கச் செய்தல். மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்கும், வேறு மருந்து சாப்பிடும் குழந்தைக்கும் அன்று கொடுப்பதில்லை. குணமான பிறகு கொடுக்கலாம்.

அறிகுறிகளைக் கவனித்தல். கீழ் இமையின் உட்புறம், நாக்கு, நகம் வெளுத்திருத்தல். சிறிது ஓடினாலே மூச்சு வாங்குதல். மண், சாக்பீஸ் தின்னும் பழக்கம். இவற்றைக் கண்டால் நாமே முடிவு செய்யாமல், நடமாடும் பள்ளி மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்ப வேண்டும். ஹீமோகுளோபின் அளவை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது. "இரத்தமில்லாதவ" என்று ஒரு பெண் குழந்தைக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது மாத்திரையால் போகாது.

இரும்புச்சத்து மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மதிய உணவுக்குப் பின் கொடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். சாப்பிட்ட உடனே தேநீரோ காப்பியோ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் கூடும்.

காலணியும் கழிப்பறையும். "செருப்புப் போட்டு வா" என்று சொல்வதோடு நிறுத்தாமல், கொக்கிப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால், பிள்ளைகளே வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருப்பதை உறுதி செய்வதும் புழு நீக்கத்தின் ஒரு பகுதியே.

பெற்றோரின் அச்சம்

ஒருமுறை மாத்திரை கொடுப்பதற்கு முதல் நாள் ஒரு தந்தை பள்ளிக்கு வந்தார். "போன தடவ பூச்சி மாத்திர போட்டு எம்புள்ளைக்கு வயித்து வலி வந்துருச்சுங்க டீச்சர். இந்தத் தடவ வேண்டாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. புழு இருக்கும் குழந்தைக்கு மாத்திரைக்குப் பின் இலேசான வயிற்று வலியோ குமட்டலோ வரலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். "அண்ணா, பூச்சி சாகும்போது அப்படிக் கொஞ்சம் வலிக்கும். அரச மருந்துனு பயப்படாதீங்க. நாளைக்கு நீங்களும் வாங்க, உங்க கண்ணு முன்னாடியே கொடுக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்" என்றேன். வந்தார். "எங்களுக்கும் பூச்சி இருக்குமாங்க டீச்சர்?" என்று அவராகவே கேட்டார். வேலூர் ஆய்வாளர்கள் ஊர் ஊராக ஆராய்ந்த கேள்வியை அவர் தம் வீட்டைப் பற்றிக் கேட்டார். சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன்.

"ஒன்றும் ஆகாது" என்று மறுத்துப் பேசுவதைவிட, வரக்கூடியதை வெளிப்படையாகச் சொல்வது பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுத் தருகிறது.

நாமும் ஆராயலாம்

செயலாராய்ச்சி நமக்குப் புதிதல்ல. வருகைப் பதிவேடு நம் கையில் இருக்கும் நல்ல தரவு. எமிஸில் பல ஆண்டு விவரமும் கிடைக்கிறது. ஆனால் மிளகுக் கணக்கை மறக்கக் கூடாது. பிப்ரவரியை மார்ச்சோடு ஒப்பிடாமல், இந்த மார்ச்சைப் போன ஆண்டு மார்ச்சோடும், நம் பள்ளியை அதே சூழலில் உள்ள பக்கத்துப் பள்ளியோடும் ஒப்பிட வேண்டும். வகுப்புச் சராசரியோடு நிற்காமல், அடிக்கடி விடுப்பில் இருந்த பிள்ளைகளைத் தனியே பார்க்க வேண்டும். வருகையோடு வாசிப்புத் திறனையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக எந்தக் குழந்தைக்கும் மாத்திரையை நிறுத்தி வைக்கக் கூடாது. அது நம் உரிமையில் இல்லை.

மருத்துவரிடம் குழந்தை வருவது ஆண்டுக்கு ஓரிரு முறை. நம்மிடம் வருவது ஆண்டுக்கு இருநூறு நாள்களுக்கு மேல். யார் எத்தனை நாள் வரவில்லை, வந்த நாளில் யார் தலை சாய்த்திருந்தார்கள் என்பது மருத்துவரைவிட நமக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த குடற்புழு நீக்க நாளில் எண்ணிக்கைப் படிவத்தை நிரப்பி முடித்ததும், வராத பிள்ளைகளின் பெயரை ஒரு தனித்தாளில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்து, அவர்களில் எத்தனை பேர் மாத்திரை பெற்றார்கள், எத்தனை பேர் விடுபட்ட பாடத்தைப் பெற்றார்கள் என்று இரண்டையும் பாருங்கள்.